மலையாளம் தெரியாமல் கலாமண்டலம் போகலாமா?

ஜனவரி 11 (கேள்வி)

பாலக்காட்டு எல்லையில் வேலந்தாவளத்திலிருந்து எழுதுகிறேன் அண்ணா. மகள் எட்டாவது படிக்கிறாள், தமிழ் மீடியம். கதகளியெல்லாம் சொல்லிக்கொடுக்கும் செறுதுருத்தி கலாமண்டலத்துக்குப் பள்ளியில் ஒரு நாள் கூட்டிப்போகிறார்களாம். காலையில் அங்கே வகுப்புகளைப் பார்க்கலாம், மாலையில் அங்குள்ள கூத்தம்பலம் என்ற அரங்கில் கதகளியாம். என் வீட்டுக்காரர், "அது அவங்க ஆளுகளுக்கு அவங்க நடத்துற பல்கலைக்கழகம், நம்ம புள்ளைக்கு ஒரு வார்த்தை புரியாது, அந்தக் காசுக்கு ஊட்டிக்கு அனுப்பு" என்கிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள். புரியுமா, புரியாதா?

ஜனவரி 11, இரவு

புரியாது. அனுப்புங்கள்.

ஜனவரி 12

நேற்று கடையைச் சாத்தும் நேரத்தில் இரண்டே வார்த்தையில் பதில் போட்டுவிட்டேன். தங்கச்சி கோபித்துக்கொள்ள வேண்டாம், விளக்கமாகச் சொல்கிறேன்.

புரியாது என்று சொன்னது உங்கள் மகளை மட்டும் வைத்து இல்லை. அவள் பக்கத்தில் உட்காரும் திருச்சூர்க்காரருக்கும் பாதிதான் புரியும். கதகளியில் வேடம் கட்டியவர் வாய் திறந்து பேச மாட்டார். பின்னால் நிற்கும் இரண்டு பேர் பாடுவார்கள். முன்பாட்டுக்காரரைப் பொன்னானி என்பார்கள், அவர் கையில் சேங்கிலை என்ற வட்டத் தட்டு. பின்பாட்டுக்காரர் சிங்கிடி, அவர் கையில் இலத்தாளம் என்ற ஜால்ரா. சுலோகம் சமஸ்கிருதத்தில் இருக்கும். பதம் சமஸ்கிருதம் தோய்ந்த பழைய மலையாளம். ஒரே வரியை இழுத்து இழுத்துத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். வேடக்காரர் அந்த வரியைச் சொல் சொல்லாகக் கையில் காட்டுவார். அடிப்படை முத்திரைகள் 24தான். ஒரு கையா இரண்டு கையா, நெஞ்சுக்கு நேரேயா நெற்றிக்கு நேரேயா என்பதைப் பொறுத்து அதுவே நூற்றுக்கணக்கான சொல்லாகப் பெருகும். இதைக் கற்றுக்கொள்ளாத மலையாளியும் நம்மைப் போல வேடக்காரரின் கண்ணைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். மொழி தெரியாததால் உங்கள் மகளுக்குப் போகும் நஷ்டம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை.

கதையை மட்டும் முன்னாடியே சொல்லி அனுப்புங்கள். என்ன கதை என்று பள்ளியில் கேட்டால் தெரிந்துவிடும். பெரும்பாலும் பாரதக் கதையாக இருக்கும். துரியோதனனும் பீமனும் நளனும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் புதிதா என்ன?

அப்புறம் அந்த இடத்தைப் பற்றி. மகாகவி வள்ளத்தோள் நாராயண மேனன் 1930ல் செறுதுருத்தியில், பாரதப்புழைக் கரையில் தொடங்கியது. 2006ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. காலையில் களரிகளை, அதாவது பயிற்சிக் கூடங்களை, சுற்றிப் பார்க்க வெளியாளை விடுவார்கள், அதற்குக் கட்டணம் உண்டு. மாலை நிகழ்ச்சிகள் பொதுவாக இரண்டு, மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். இதில் எனக்கு ஒரு குறை. ஒற்றப்பாலம் பக்கத்துக் கோவில்களில் விடிய விடிய கதகளி பார்த்தவன் நான். அந்தி நேரத்தில் இன்றைக்குக் கதகளி உண்டு என்று கேளிகொட்டு முழங்கும், பந்தலுக்குள் ஈரக்காற்று வரும், நடுச்சாமத்துக்கு மேல் வில்லனான கத்தி வேடம் திரைக்குப் பின்னாலிருந்து அலறும். அதையெல்லாம் பார்த்தவனுக்குப் பல்கலைக்கழகக் கதகளி டப்பாவில் அடைத்த பாலடைப் பாயசம். டப்பா பாயசமும் பாயசம்தான் என்பதால் அனுப்பச் சொல்கிறேன்.

ஜனவரி 12, பிற்பகல்

விடிய விடியப் பார்த்தவன் என்று மேலே பெருமை அடித்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் முதல் தடவை தொடக்க ஆட்டமான புறப்பாடு முடிந்து, அடுத்து வரும் மேளப்பதத்திலேயே தூங்கிவிட்டேன். சத்தம் பிளக்கிற இடம் அது, அங்கே தூங்கினவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கண் விழித்தபோது மணி நாலரை. பக்கத்தில் இருந்த பெரியவர் என் தோளில் ஒரு துண்டைப் போட்டுவிட்டிருந்தார். மேடையில் யாரோ யாரையோ கொன்றுகொண்டிருந்தார்கள்.

ஜனவரி 14

பொங்கல் விடுமுறை. கேரளத்தில் எல்லையோர மாவட்டங்களுக்கு மட்டும் கொடுக்கும் விடுமுறை, அதில் நம் பாலக்காடும் சேர்த்தி. கடைக்கு ஆள் வராததால் எழுத நேரம் கிடைத்தது.

புரியுமா என்ற கேள்வி மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்ததில் பள்ளி நாள் ஞாபகம் ஒன்று வந்தது. கேரளப் பள்ளிக் கலோத்சவத்தில் தமிழுக்கும் பத்யம் சொல்லல், அதாவது செய்யுள் ஒப்பிக்கும் போட்டி உண்டு, நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஒன்பதாவது படிக்கும்போது நான் பெயர் கொடுத்தேன். எந்தப் பள்ளி, எந்த வருடம் என்பதெல்லாம் வேண்டாம். போட்டிக்கு நான் ஒருத்தன்தான். தமிழ் நடுவர் வரவே இல்லை. மதியம் வரை காக்க வைத்துவிட்டு, கடைசியில் பக்கத்து அறையில் மலையாளப் பத்யத்துக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்த ஒரு டீச்சரைக் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். அவருக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. நான் சொல்லி முடித்தேன். முதல் பரிசு, வேறு யாருக்குக் கொடுப்பது?

சான்றிதழ் வாங்கப் போனபோது அந்த டீச்சர் தனியாகக் கூப்பிட்டு மலையாளத்தில் சொன்னார்: "மோனே, நடுவில் இரண்டு வரியை விட்டுவிட்டாய், இல்லையா?"

விட்டிருந்தேன். அது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அதுவரை கூரையைப் பார்த்தே சொல்லிக்கொண்டு வந்தாய், அந்த இடத்தில் மட்டும் கண் தரைக்கு வந்துவிட்டது, மூச்சும் தப்பான இடத்தில் வாங்கினாய் என்றார்.

அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சம் இல்லை. தமிழ்ப் பாட்டுக்கு ஒரு தமிழ் நடுவர் கிடைக்கவில்லையே என்று வீட்டில் வந்து கத்தினேன். எரிச்சலில் நியாயம் இருந்தது, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த டீச்சர் அளவுக்கு என்னைக் கவனித்துப் பார்த்த நடுவர் அப்புறம் யாரும் வாய்க்கவில்லை.

ஜனவரி 15

திருத்தம். 1930ல் செறுதுருத்தியில் தொடங்கியது என்று 12ஆம் தேதி எழுதியது தப்பு. 1930ல் தொடங்கியது குன்னங்குளத்தில். அங்கிருந்து அம்பலபுரத்துக்குப் போய், 1936ல்தான் செறுதுருத்திக்கு வந்தது. வள்ளத்தோளோடு மணக்குளம் முகுந்தராஜாவும் சேர்ந்து நடத்தினார். அவர் பெயரை விட்டுவிட்டேன், மன்னிக்கவும்.

பள்ளி தொடங்கப் பணம் எப்படிச் சேர்த்தார்கள் தெரியுமா? லாட்டரி! மகாகவி ஊர் ஊராகப் போய் லாட்டரிச் சீட்டு விற்கவைத்தார். வேலந்தாவளத்துத் தங்கச்சிக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. 2003ல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்ததிலிருந்து உங்கள் ஊர்க் கடைத்தெருவில் யார் வந்து நிற்கிறார்கள் என்று தினமும் பார்க்கிறவர் நீங்கள். உங்கள் வீட்டுக்காரர் சீட்டு வாங்கும் பழக்கம் உள்ளவர் என்றால் இந்தக் கதையைச் சொல்லி அனுமதி வாங்குங்கள்.

ஜனவரி 19

காலை வகுப்பில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு மாலை நிகழ்ச்சியைவிட அதுதான் பிடிக்கும்.

நீங்கள் போய்ச் சேரும் நேரத்தில் அந்தப் பிள்ளைகளுக்குப் பாதி நாள் முடிந்திருக்கும். கதகளிப் பிள்ளைகள் விடியுமுன் எழுந்து கண் பயிற்சி செய்கிறவர்கள். கண்ணில் நெய் விட்டுக்கொண்டு விழியை மேலும் கீழும், பக்கவாட்டில், வட்டமாகச் சுழற்ற வேண்டும். மழைக்காலத்தில் உழிச்சில். உடம்பெல்லாம் எண்ணெய் பூசிப் படுக்கவைத்து ஆசான் காலால் மிதித்து நீவுவார். உழிச்சில் நேரத்தில் பார்க்க விட மாட்டார்கள், விட்டாலும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாம், பயந்துவிடும்.

செண்டைக் களரியை மட்டும் தவறவிடாதீர்கள். புதிதாகச் சேர்ந்த பையன்களுக்குச் செண்டையைத் தொடக் கொடுப்பதில்லை. ஆளுக்கொரு கருங்கல் துண்டு, கையில் புளியமரக் குச்சி. கல்லில் அடித்துத்தான் கை படிய வேண்டும். நான் பார்த்த அன்று பத்துப் பன்னிரண்டு வயதில் ஏழெட்டுப் பேர் வரிசையாகச் சம்மணமிட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். தோலில் அடித்தால் ஒரு அதிர்வு நிற்கும், கல்லில் நிற்காது. டக், டக், டக் என்று வறட்டுச் சத்தம் மட்டும். கொஞ்சம் பிந்தினாலும் வரிசையில் யார் கை பிந்தியது என்று அப்பட்டமாகத் தெரிந்துவிடும். ஓரத்துப் பையன் ஒருவன் பிந்திக்கொண்டே இருந்தான். ஆசான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அவன் பெயரைச் சொன்னார், சரியாகிவிட்டது. அவன் கல்லின் நடுவில் குச்சி பட்டுப் பட்டு வெளுத்த ஒரு வட்டம், நாலணா அளவுக்கு.

இதற்கு என்ன மொழி வேண்டும், சொல்லுங்கள்?

ஜனவரி 19, இரவு

ஒன்று விட்டுப்போனது. ஒப்பனை நடக்கும் அணியறையில் எட்டிப் பார்க்க விட்டால் அவசியம் பார்க்கட்டும். வேடம் கட்டப்போகிறவர் பாயில் மல்லாந்து படுத்திருப்பார், தலைமாட்டில் ஒப்பனை செய்யும் சுட்டிக்காரர். அரிசிமாவும் சுண்ணாம்பும் குழைத்துத் தாடை ஓரமாக வரம்பு கட்டி, அதில் வெள்ளைக் காகிதத்தை ஒட்டுவார்கள். மணிக்கணக்கில் ஆகும். படுத்திருப்பவர் குறட்டை விட்டுத் தூங்குவதும் உண்டு (கதகளியில் தூங்கியவன் நான் மட்டும் இல்லை). பச்சை வேடத்துப் பச்சை எங்கிருந்து வருகிறது என்றால், மனயோலை என்ற மஞ்சள் கல்லோடு நீலத்தைச் சேர்த்துத் தேங்காய் எண்ணெய் விட்டு அரைக்கிறார்கள். அந்த மஞ்சள் கல்லைத்தான் தமிழில் அரிதாரம் என்பது. வேடம் போடுவதற்கே நாம் அரிதாரம் பூசுவது என்கிறோம் இல்லையா? கல்லை மறந்துவிட்டோம், சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறோம். அங்கே கல் இருக்கிறது. ஆர்சனிக் கலந்த தாது, பிள்ளை விரலால் தொட்டு வாயில் வைக்காமல் இருக்கட்டும்.

பிப்ரவரி 2

"தமிழ்ப் பிள்ளைக்குக் காட்டத் தமிழ்க் கலை அந்தப் பக்கம் ஒன்றும் இல்லையா" என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்குள் இல்லை, அங்கிருந்து அரை மணி நேரத் தூரத்தில்.

ஷொர்ணூரை அடுத்துக் கவளப்பாறையில் ஆரியங்காவு பகவதி கோவில் இருக்கிறது. கோவிலுக்கு எதிரே நீளமாக ஒரு கட்டடம், அதுதான் கூத்துமாடம். தோல்பாவைக்கூத்துக்கென்றே நிரந்தரமாகக் கட்டியது. வெள்ளைத் திரைக்குப் பின்னால் வரிசையாக 21 விளக்கு, தேங்காய் மூடியில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டவை. மான்தோலில் வெட்டிய பாவைகள். ராமன் பிறந்ததிலிருந்து பட்டாபிஷேகம் வரை 21 இரவு நடக்கும். பாடுவது கம்பன் பாட்டு. தமிழில்.

முதல் தடவை கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நடத்துகிறவர்களைப் புலவர் என்றுதான் ஊரில் அழைக்கிறார்கள். கூனத்தறைப் புலவர் குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாக இதுதான் தொழில், ராமச்சந்திரப் புலவருக்கு 2021ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பாட்டு முடிந்ததும் அதற்கு உரை சொல்வார்கள், தமிழும் மலையாளமும் சமஸ்கிருதமும் பின்னிக்கிடக்கும். நம் வீட்டில் அம்மாயி (அம்மாவின் அம்மா) பேசின மாதிரி ஒரு பேச்சு, ஆனால் படித்தவர் பேசுகிற அம்மாயிப் பேச்சு.

நான் போன இரவில் ஒரு மணிக்கு மேல் மாடத்துக்கு முன்னால் இருந்தது நான், சுக்குக்காப்பிப் பாத்திரத்தை மூடிவிட்டுப் படுத்துவிட்ட ஒருவர், இரண்டு நாய். உள்ளே பாட்டு நிற்கவில்லை. தாரிகன் என்ற அசுரனோடு சண்டையில் இருந்ததால் பகவதி ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போனதாம். அவள் பார்ப்பதற்காகத்தான் நடத்துகிறார்கள். நாம் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன?

அங்கே எட்டாவது படிக்கிற பிள்ளையைக் கூட்டிப்போகச் சொல்வேனா என்றால், மாட்டேன். தமிழ் என்பதால் புரிந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். எனக்கே நாலு வரிக்கு ஒரு வரிதான் பிடிபட்டது. சொந்த மொழியில் புரியாததற்கு அந்நிய மொழியில் புரியாதது எவ்வளவோ தேவலை, மானம் போகாது.

பிப்ரவரி 3

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, "அப்படியானால் கதகளியும் தமிழிலிருந்து போனதுதான், ஒப்புக்கொள்" என்று கொல்லங்கோட்டுக்காரர் ஒருவர் வந்திருக்கிறார். நான் அப்படி எழுதவில்லை. ஒரே மாடு இரண்டு தோட்டத்தில் மேய்ந்தால், எந்தத் தோட்டத்துப் புல்லில் பால் வந்தது என்று எப்படிச் சொல்வது? பொறாட்டு நாடகத்தில் ஒருவன் மலையாளத்தில் கேள்வி கேட்பான், குறத்தி தமிழில் பதில் சொல்வாள். நம் பாலக்காட்டுச் சரக்கு அது. கண்யார்களி என்ற நம் பக்கத்துக் கோவில் ஆட்டத்தில் ஆண்டிக்கூத்து அன்றைக்குப் பாடும் பாட்டில் தமிழ் வரும், ஆடுகிறவர்கள் நாயர் தறவாட்டுக்காரர்கள். பஞ்சவாத்தியத்தை இன்று நாம் கேட்கிற வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் திருவில்வாமலை வெங்கிச்சன் சுவாமி, தமிழ் பேசும் வீட்டில் பிறந்து மத்தளம் வாசித்தவர். கொல்லங்கோட்டு அண்ணனுக்கு இதையெல்லாம் வைத்துச் சண்டை போட வேண்டும், எனக்கு வேண்டாம்.

பிப்ரவரி 3, பத்து நிமிடம் கழித்து

மாட்டு உவமை சரியில்லை என்று என் மகள் சொல்கிறாள். பால் மாட்டினுடையது, புல்லினுடையது இல்லையாம். பிளஸ் டூ பயாலஜி.

மார்ச் 9

நம் பாலக்காட்டுச் சித்தூரில் கொங்கன்படை முடிந்து ஊர் அமைதியாகிவிட்டது. தெரியாதவர்களுக்கு: கொங்கு நாட்டிலிருந்து படையெடுத்து வந்த ராஜாவைச் சித்தூர் பகவதி விரட்டியடித்ததைக் கும்ப மாதத்தில் ஊரே திரண்டு நடத்திக்காட்டும் திருவிழா. ஓலை வாசித்துப் போருக்கு அழைப்பார்கள், வேட்டு அதிரும், கடைசியில் கொங்கன் தோற்பான்.

எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) குடும்பம் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து தென்னந்தோப்புக்காக இங்கே வந்தது. பச்சைக் கொங்கு. ஆனாலும் அப்புச்சி வருடம் தவறாமல் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு போய் நம் ஆட்கள் தோற்பதைக் காட்டுவார். "இந்த வருசமாச்சும் செயிப்பமா அப்புச்சி?" என்று கேட்டேனாம். "செயிச்சுட்டா அடுத்த வருசம் பொரிகடலை ஆரு போடுவாங்க" என்றாராம். அம்மா சொல்லிக் கேள்வி.

மார்ச் 16

டப்பா பாயசம் என்று ஜனவரியில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். வாபஸ். மூன்று நாளாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கொங்கன்படையைப் பற்றி எழுதும்போது அப்புச்சி ஞாபகம் வந்தது இல்லையா, அதோடு இன்னொன்றும் வந்தது. கொங்கன்படையை வெளியில் நின்று பார்த்தவர்தான் அவர். பெரிய கோவில்களின் கூத்தம்பலத்தில் சாக்கியார் குலத்தார் ஆடும் சாக்கியார் கூத்து என்று ஒன்று நடப்பது அவருக்குத் தெரியும், பார்த்ததில்லை. அவர் இளவயதில் நம் ஆட்களுக்கு உள்ளே வழி இல்லை. நம் சித்தூர் அப்போது கொச்சி ராஜ்யம், செறுதுருத்தியும் கொச்சி ராஜ்யம். ஒரே ராஜாவின் குடிகள். வழி மட்டும் ஒரே வழி இல்லை.

பைங்குளம் ராமச் சாக்கியார் 1949ல் கூத்தைக் கோவிலுக்கு வெளியே கொண்டுவந்து ஆடினார். சொந்தக்காரர்களே எதிர்த்தார்கள். 1965ல் கலாமண்டலத்தில் கூடியாட்டம் (சாக்கியார்கள் ஆடும் சமஸ்கிருத நாடகம்) வகுப்பு தொடங்கியபோது அவர்தான் ஆசான். சாக்கியார் குடும்பத்தில் பிறக்காத பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். 2001ல் யுனெஸ்கோ கூடியாட்டத்தை மனிதகுலத்தின் வாய்மொழி மரபுச் செல்வம் என்று அறிவித்தது. அவர் வெளியே வந்து ஆடியிராவிட்டால் அறிவிக்க என்ன மிஞ்சியிருக்கும் என்று தெரியவில்லை. இன்று அந்த வளாகத்தில் இருக்கும் கூத்தம்பலமும் கோவில் கூத்தம்பலத்தின் அச்சில் எழுப்பியதுதான், தூண்களில் நாட்டியக் கரணங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒரே வித்தியாசம், அதற்குள் போக யாரையும் என்ன ஜாதி, என்ன மதம் என்று கேட்பதில்லை.

கலாமண்டலம் ஹைதராலி என்று ஒரு கதகளிப் பாடகர், வடக்காஞ்சேரிப் பக்கத்துக்காரர், ஏழை முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. இங்கே படித்து வந்தார். அவர் குரலுக்காக அலைந்த ரசிகர்கள் உண்டு. ஆனால் கோவில் கதகளியில் பாட உள்ளே விட மாட்டார்கள். ஒரு கோவிலில் மதிலை இடித்து மேடையை வெளிப்பக்கம் நீட்டி அவரை வெளியே நிறுத்திப் பாடவைத்தார்கள். 2006ல் விபத்தில் போய்விட்டார்.

விடிய விடிய நடக்கும் கோவில் கதகளிதான் அசல் என்று நான் எழுதினேன் அல்லவா? அந்த அசல் எத்தனை பேரை வெளியே நிறுத்தியது என்பதைச் சேர்த்து எழுதவில்லை.

வெளியே நிறுத்துவது கோவிலில் மட்டும்தான் நடந்தது என்றும் சொல்ல மாட்டேன். கலாமண்டலத்திலேயே கதகளி வகுப்பில் பெண்பிள்ளைகளைச் சேர்க்க 2021 வரை ஆயிற்று. மோகினியாட்டத்துக்கு ஆண்பிள்ளைகளைச் சேர்க்கும் முடிவு 2024ல்தான் வந்தது. தொண்ணூறு வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும் வந்தது. உங்கள் மகள் எட்டாவது என்றீர்களே, கதகளி வகுப்பில் பெண்பிள்ளைகளைச் சேர்த்ததும் எட்டாவதில்தான். அவள் வயதுப் பெண்ணே கச்சை கட்டிக் கால் வைப்பதை அவள் பார்க்கலாம். எனக்கு அந்த வயதில் இது கிடைக்கவில்லை, என் அம்மாவுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

மார்ச் 17

நேற்று ரொம்ப நீட்டிவிட்டேன். தேவையான விவரம்: ஷொர்ணூர் ஸ்டேஷனிலிருந்து பாலம் தாண்டினால் செறுதுருத்தி. பாலத்தில் போகும்போது பக்கத்தில் பழைய கொச்சிப் பாலம் உடைந்து நிற்பதைக் காட்டுங்கள், 1902ல் கட்டியது, 2011ல் ஒரு பகுதி விழுந்தது. உட்கார ஒரு துண்டு, தண்ணீர், கைவிசிறி. அரங்கில் மேடை முன்னால் எரியும் ஆட்ட விளக்குக்கு நேர் எதிரே உட்கார வேண்டாம், சுடர் வேடக்காரரின் கண்ணை மறைக்கும். கொஞ்சம் பக்கவாட்டில் உட்காரட்டும்.

மார்ச் 30

போய் வந்துவிட்டார்களாம். தங்கச்சி பெரிய கடிதமாகவே எழுதியிருக்கிறார், முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

மாலையில் கோடை மழை பிடித்து அந்த வட்டாரத்துக்கே கரண்ட் போய்விட்டது. மின்விசிறி நின்றது, மைக் நின்றது. பள்ளிப் பிள்ளைகள் ஓவென்று கத்தினார்களாம். மேடையில் யாரும் நிறுத்தவில்லை. ஆட்ட விளக்கு எரிந்துகொண்டிருந்தது, பொன்னானி குரலை உயர்த்தினார், செண்டைக்கு மைக் எப்போதும் தேவையில்லை. கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் தாங்களே அடங்கிவிட்டார்கள். துரியோதனன் கதை. பீமன் ரௌத்திரமாக வரும் இடத்தில் தங்கச்சியின் மகள் அம்மிணி பக்கத்துப் பெண்ணின் கையை நகம் பதியப் பிடித்துவிட்டாளாம்.

புரிந்ததா என்று அப்பா கேட்டிருக்கிறார். "அந்த விளக்குத் திரியை ஒரு அண்ணன் அப்பப்ப வந்து தூண்டிவிட்டுட்டுப் போனாரு, அவரு வர்றப்ப எல்லாம் வேசக்காரரு கை கொஞ்சம் மெதுவாச்சு" என்றாளாம். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

நான் எத்தனையோ தடவை பார்த்தும் இதைக் கவனித்ததில்லை. உண்மையா, அவளுக்கு அப்படித் தோன்றியதா? அடுத்த தடவை போகும்போது பார்க்க வேண்டும்.

மார்ச் 30, இரவு

திரி தூண்டும் விஷயம். மொபைலில் இருந்த பழைய வீடியோ ஒன்றைத் தேடிப் போட்டுப் பார்த்தேன். ஒரு தடவை மெதுவாகிறது. இரண்டாம் தடவை ஆகவில்லை. மூன்றாம் தடவை யார் தலையோ மறைக்கிறது.

ஏப்ரல் 6

தங்கச்சிக்கு: உங்கள் வீட்டுக்காரர் ஊட்டிக்குப் பதிலாக அடுத்த மாதம் குடும்பத்தோடு கலாமண்டலம் போகலாமா என்று கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மே மாதம் படிப்புக்கு விடுமுறை இருக்கும், களரியில் ஆள் இருப்பார்களா என்று அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கிளம்பும் நாளை எனக்கும் சொல்லுங்கள். வண்டியில் இடம் இருந்தால் என் மகளும் நானும் கொழிஞ்சாம்பாறை ஜங்ஷனில் ஏறிக்கொள்கிறோம். அம்மிணி பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் திரியைப் பார்க்க வேண்டும்.